சேற்றுக் குளத்தின் கீழ் ஐந்து வீடுகள்

அக்டோபர் 14, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை, புழுக்கம்தான். வேன் ஒரகடம் மேம்பாலத்தடியில் இருபது நிமிடம் நின்றது. குடையை மறந்துவிட்டேன்.

காலையில் கரை நடை, என்ஜினியராக என் அன்றாட வேலை. எம்-சாண்ட் (கல்லை அரைத்த மணல்) கழுவிய சேறு வந்து தேங்கும் குளம். மூன்று பக்கம் பாறை, நான்காவது பக்கம் நாங்கள் போட்ட மண்கரை. குளம் நிரம்ப நிரம்ப, காய்ந்த சேற்றையே வாரிப் போட்டு மூன்று முறை உயர்த்தியாயிற்று.

இன்று கரையின் வெளிப்பக்க அடியில் புதிய கசிவு. கட்டைவிரல் பருமன். பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன்: தெளிவு. நல்லது. கலங்கி வந்தால் கரையின் மண் உள்ளிருந்தே அரிபடுகிறது என்று அர்த்தம். அங்கிருந்து நாற்பது அடியில் கிரஷர் ஆட்களின் தகர வீடுகள், ஐந்து.

மானேஜர் மா.விடம் சேறு விடுவதை நிறுத்தி மட்டத்தைக் குறைக்கச் சொன்னேன். தீபாவளிக்கு முன்னால் முடியாதாம். "இது இன்னா செம்பரம்பாக்கமா மேடம்? ஒரு குட்டை."

செய்ய வேண்டியவை: கடிதம். கசிவின் மேல் மணலும் ஜல்லியும். மகளுக்கு ஹாஸ்டல் பார்சல். தைராய்டு மாத்திரை.

அக்டோபர் 16, வியாழன்

தூறல். மா.விடம் கடிதம் கொடுத்தேன். பதில் இல்லை.

கசிவை அடைக்கக் கூடாது, மணலும் ஜல்லியும் மேலே பரப்ப வேண்டும். தண்ணீர் வெளியே வரட்டும், மண் மட்டும் வராமல் நிற்கும் என்று சூப்பர்வைசர் ஏழுமலையிடம் விளக்கினேன். தலையாட்டினார். வல்லக்கோட்டைப் பக்கத்து ஆள், நல்ல வேலைக்காரர்.

இரண்டு லோடு மணல் வேண்டும். லாரி அனுப்பும் டிஸ்பாட்சில் தரமாட்டார்கள். வெளியே போகிற மணலுக்குத்தான் பாஸ், உள்ளே போடுகிற மணலுக்குப் பாஸ் போடக் கம்ப்யூட்டரில் இடமே இல்லையாம். நாள் முழுக்க மணல் அரைக்கிற இடம். சிரித்தேன். பிறகு கழிவறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 18, சனி

நேற்று இரவெல்லாம் மழை. தீபாவளிக்கு ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ். இன்றோடு மூடி புதன்தான் திறப்பு. கசிவு அப்படியே, தெளிவு. தகர வீட்டுப் பெண்கள் அங்கே கல் போட்டுப் பாத்திரம் தேய்க்கிறார்கள்.

மணல் வரவில்லை.

அக்டோபர் 22, புதன்

மழை விட்டு வெயில். கசிவைக் காணோம்.

ஏழுமலை வாசலிலேயே காத்திருந்து அழைத்துப் போனார். தீபாவளியன்று யாரும் சொல்லாமல் தானே வந்து, ஏரிக் களிமண்ணும் வைக்கோலும் கலந்து மிதித்து அடைத்திருக்கிறார். காலில் இன்னும் அந்த மண்.

"ஒரு சொட்டு வருதா பாருங்க மேடம். வரப்புல நண்டு வளை அடைக்கிறதில்ல? அதே வேலதான். மணலு போட்டா தண்ணி நிக்குமா?"

வரப்புக்கு அது சரி, அந்தத் தண்ணீரை வயலில் நிறுத்த வேண்டும். இங்கே வழியை மூடினால் தண்ணீர் கரைக்குள்ளேயே ஏறும் என்றேன். அவர் முகம் விழுந்தது. பாராட்டுக்காகக் காத்திருந்த மனிதர். நானே ஒருநாள் கூடவே நின்று காட்டியிருக்கலாம். தலையாட்டியதும் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

கரைக்குள் நீர்மட்டம் பார்க்க இறக்கியிருக்கும் குழாயில் அளவு நாடா விட்டுப் பார்த்தேன். போன வாரத்தைவிட ஒரு முழம் ஏறியிருக்கிறது.

அடைப்பை எடுக்க வேண்டும் என்றதற்கு மா. கையெடுத்துக் கும்பிட்டார். வெள்ளிக்கிழமை அரசு ஆய்வு. காய்ந்து கிடக்கிற இடத்தை யாராவது நோண்டுவார்களா என்றார்.

அக்டோபர் 24, வெள்ளி

தூறல். அதிகாரி வந்தார். காரை விட்டு இறங்கினார், குடைக்குள் நின்றபடி கரையைப் பார்த்தார். காய்ந்திருந்தது. குழாய் அளவைச் சொன்னேன். மழைக்காலத்தில் ஏறத்தானே செய்யும் என்றார். மா. டீ சொல்லிவிட்டார்.

படிவத்தில் ஒரு வரி: கரையடியில் கசிவு இல்லை. கீழே என் கையெழுத்துக்குக் கோடு.

போட்டேன். எழுதியிருந்தது உண்மைதான். குழாய் அளவுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஐந்து பேர் சுற்றி நின்றிருந்தார்கள், பேனா மா.வுடையது.

இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

அக்டோபர் 25, சனி

அதிகாரியின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். புகார் என்றால் கம்பெனி லெட்டர்பேடில், கம்பெனி வழியாக அனுப்ப வேண்டுமாம்.

தகர வீடுகளுக்குப் போனேன். மழை முடியும்வரை வேறு எங்காவது தங்குங்கள் என்றேன். முதல் வீட்டுப் பொன்னி அரிசி களைந்துகொண்டே கேட்டாள். அவள் கேட்டது வேறு: ஊற்றை ஏன் அடைத்தீர்கள், நல்ல தண்ணீர் ஆயிற்றே.

கரை உடையலாம் என்று நேராகவே சொன்னேன்.

"புரியுது மேடம். எங்களுக்குத் தெரியாதா, ராவுல மேல சேறு கொட்ற சத்தம் கேட்டுக்கினுதான் படுக்கறோம். வூட்ட வுட்டா வேலையும் வுடணும். இன்னா செய்யச் சொல்றீங்க?"

பக்கத்து வீட்டுக்காரி, "மேடம் வூட்ல எடம் கீதான்னு கேளுக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு அறை வீடு. வேனில் வரும்போது அத்தனை பேரையும் மனதுக்குள் அதில் படுக்கவைத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

விடாத மழை. பழைய இடம் காய்ந்தேதான் இருக்கிறது. பத்தடி தள்ளி, மூன்றாவது வீட்டின் பின்சுவருக்கு நேராகப் புதிதாகத் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வருகிறது. பால்போல் வெள்ளை. பாட்டிலில் பிடித்தேன், அடியில் ஒரு விரற்கடை மண்.

ஏழுமலை பக்கத்தில் வந்து நின்றார். இந்த முறை மண்வெட்டி எடுக்கவில்லை. "நீங்களே சொல்லுங்க மேடம், எதைப் போடறது?"

பாஸ் இல்லாமல் குவியலிலிருந்து பாண்டுச் சட்டியில் அள்ளி, இருவருமாக மணல் சுமந்தோம். அதன் மேல் ஜல்லி. கலங்கல் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. இதற்கு லாரி வேண்டும்.

குடும்பங்களை எடைமேடை அறைக்கு அழைத்துப் போனேன். வந்தார்கள், பாய், குழந்தைகள், சிலிண்டர் சகிதம். மா. போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. எடைமேடை அறை பூட்டியிருக்கிறது. லாரிக்காரர்களுக்கு இடைஞ்சலாம். ஐந்து குடும்பமும் மறுபடி கீழே, தகர வீடுகளில். ஏழுமலைக்கு மெமோ, மணல் எடுத்ததற்கு. எனக்கு வெள்ளி வரை விடுப்பு, நான் கேட்காதது.

கீழே எத்தனை பேர் என்று கம்பெனியில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, கான்ட்ராக்டர் ஆட்கள். கரை போன பிறகு யாராவது கேட்டால் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள். இங்கே எழுதிவைக்கிறேன்.

1. பொன்னி, கணவன் சேகர், இரண்டு பெண்கள்.
2. லட்சுமி, மாமியார், மகன் (பள்ளி போகிறான்).
3. முருகன், மனைவி செல்வி, ஏழு மாதக் கர்ப்பிணி.
4. அண்ணன் தம்பி நான்கு பேர், நைட் ஷிஃப்ட். பகலில் உறங்குவார்கள்.
5. தீபாவளி கழிந்து வந்தவர்கள். கைக்குழந்தை உண்டு. பெயர் கேட்கவில்லை.