என்னைக் கேட்காமல் திறந்த பரண் சுவர்

மகளுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனியும் பேசாமல் இருந்தால் சம்மதித்துவிட்டேன் என்று நீங்கள் மூவரும் எடுத்துக்கொள்வீர்கள், ஆகவே எழுதுகிறேன். முதலில் கேட்க வேண்டியதை முறைப்படி கேட்டுவிடுகிறேன், உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் கழுத்து வலி குறைந்ததா. இங்கே உன் அம்மா நன்றாக இருக்கிறாள், நானும் இருக்கிறேன். ஞாயிறுதோறும் நீ போன் செய்யும்போது அப்பா குளிக்கிறார் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாளே, அதை நீ நம்பியிருந்தால் இந்தத் தெருவிலேயே சுத்தமான மனிதன் நான்தான் என்று நினைத்திருப்பாய். நான் குளிக்கவில்லை. நீ பேசுவது காதில் விழும் தூரத்தில், கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் பரண் சுவர். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஒருமுறை என் வாயால் கேட்டுக்கொள், இதுவரை நீ கேட்டதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் வாயால். பக்கத்து வீட்டுக்காரர் என்று நான் சொல்வது உன் சித்தப்பாவைத்தான், அவரை வேறு பெயர் சொல்லி நான் அழைத்துப் பல வருஷம் ஆகிறது. ஒரே ஓட்டு வீட்டை இரண்டாகப் பிரித்தபோது நடுச்சுவரை மாடி அறைகளோடு நிறுத்தாமல் பரணுக்குள்ளும் ஏற்றி முகடு வரைக்கும் கட்ட வேண்டும் என்று சொன்னவன் நான். அவர் ரேடியோவும் அவர் சிரிப்பும் பரண் வழியாக என் பக்கம் வரக்கூடாது என்பதற்காகச் சொன்னேன், அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை. கடைசிவரை என்னோடு கலந்து பேசாமல் எங்கள் அப்பாவிடம் சாலைப் பக்கத்துப் பாதியை வாங்கிக்கொண்டவர் அவர். சுவர் வந்ததும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடிக்கொண்டிருந்த காற்று நின்றது. நம் கோடியில் இருந்த முக்கோணச் சுவரின் ஜன்னலும், அந்தப் பக்கம் லாட்ஜ் கட்டியபோது அடைபட்டுப் போனது. ஓடுகளுக்கும் பலகைத் தளத்துக்கும் நடுவே வெயில் புகுந்து வெளியேற வழியில்லாமல் கிடந்தது.

அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் உன் அம்மாவின் தையல் அறை. திரைச்சீலை வெட்டும் அந்த நீள மேஜை கீழே எந்த அறையிலும் கொள்ளாது. போன கோடையில் ஒரு மத்தியானம் அவள் கத்தரிக்கோலைப் பிடித்த கையோடு மேஜை மேல் சரிந்து விழுந்தது உனக்குத் தெரியும், டாக்டர் சொன்னது தெரியுமோ என்னவோ. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா தையலை மறந்துடுங்கம்மா என்றார். வீட்டுக்கு வந்ததும் நான் அதையே எடுத்துச் சொன்னேன். தையலையும் விட்டுட்டு நான் என்னங்க செய்யறது, உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு உக்காரவா என்றாள். நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. ஆள் உயர ஃபேன் ஒன்று வாங்கி வைத்தேன், அது சூட்டை வாரி அவள் மேலேயே இறைத்தது. இந்தக் கோடை தொடங்கியபோது ஓடுகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து மாடி ஏறினால் அறை வேறு அறையாக இருந்தது. உன் அம்மா நெற்றியில் வேர்வை இல்லாமல் தைத்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு வேலை செய்கிறது பார் என்றேன், ஆமாங்க என்றாள், ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். என்னைவிட ஒன்பது வருஷம் இளையவனைத் துறைத்தலைவராக்கி நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்களே, அவன் காதில் விழட்டும் என்று கல்லூரி ஆசிரியர் அறையில் வெள்ளைப் பரப்பு வெயிலை எப்படித் திருப்பி அனுப்புகிறது என்று அரைமணி நேரம் விளக்கினேன். ஒரு நண்பரை வாசலுக்கே கூட்டிவந்து கூரையைக் காட்டினேன், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கட்டும் என்று குரலைச் சற்று உயர்த்தியே பேசினேன். அவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் இன்னும் குனிந்து சக்கரத்தைத் துடைத்தார். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பை மறைக்கக் குனிந்திருக்கிறார் என்பது பின்னால்தான் புரிந்தது.

ஒரு நாள் தையல் அறையில் நின்றுகொண்டிருக்கும்போது அவர் தும்மல் என் தலைக்கு மேல் கேட்டது. அவர் வீட்டுத் தும்மல் என் பரணில் கேட்க வழியே இல்லை. ஏணியைப் போட்டு, பரண் கதவைத் தள்ளி, டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுச்சுவரில், முகட்டுக்குச் சற்றுக் கீழே, டீத் தட்டு அளவுக்கு ஒரு திறப்பு. ஓரமெல்லாம் சுத்தமாகப் பூசி, கம்பி வலை அடித்திருந்தது. வலைக்கு அப்பால், அவர் பக்கத்து முக்கோணச் சுவரில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. நான் இறங்கி வருவதற்குள் உன் அம்மா மிஷினை நிறுத்திவிட்டாள். ஆமா, நான்தான் திறக்கச் சொன்னேன், கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க, அதனால கேக்கலை என்றாள். கொத்தனாரைக் கூட்டிவந்தது யார் என்றேன், உன் சித்தப்பா. எங்கே உடைக்க வேண்டும் என்று சொன்னது யார் என்றேன். அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, போனில் நீ வரைந்து அனுப்பிய படத்தைக் காட்டினாள்.

கோபம் திறப்பின் மேல் அல்ல, அதை நீ புரிந்துகொள்ள வேண்டும். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து, புகை ஏன் மேலே போகிறது சொல் பார்க்கலாம் என்று உன்னை மடியில் வைத்துக் கேட்டவன் நான். காற்று சூடானால் இலேசாகும், இலேசானால் ஏறும் என்பதை ஆயுள் முழுவதும் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பவன். அப்படிப்பட்ட ஒருவன் அதே வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, பரணிலிருந்து சூடு எப்படி வெளியேற வேண்டும் என்று பம்ப் செட் பழுதுபார்க்கிற பக்கத்து வீட்டுக்காரரோடு நீ வாரக்கணக்கில் பேசியிருக்கிறாய். அப்பா ஒத்துக்க மாட்டார் என்று மூன்று பேரும் முடிவு கட்டிவிட்டீர்கள். ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்தான். ஆனால் கேட்டிருக்கலாம்.

மறுநாளே ஒரு பிளைவுட் பலகையை அளந்து வெட்டி, பரணில் ஏறி அந்தத் திறப்பை அடைத்தேன். உன் அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடிக்கோங்க, உங்க சுவர் என்றாள், அவ்வளவுதான். பள்ளிக்கூட அரங்கத்துக்குப் பெரிய திரை ஒன்று தைத்துக்கொண்டிருந்தாள், பழையபடி ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள். இரண்டு மூன்று நாளில் பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். அண்ணா, நீங்க அடைச்சதிலேருந்து என் பக்கமும் வேகுது, ஃபேன் சும்மா சுத்துது, இழுக்கறதுக்குக் காத்தே இல்லை என்றார். இத்தனை நாளும் என் வீட்டுக் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தீரா என்றேன். உங்க வீட்டு சூட்டைத்தான் அண்ணா இழுத்தேன், அதுவும் என் கரண்டுல, வேணும்னா அதைத் திருப்பித் தந்துடறேன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவரோடு சேர்ந்து சிரிக்கும் அளவுக்கு இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

அடுத்த நாள் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மத்தியானம் அந்த அறையில் நான் போய் உட்கார்ந்தேன். உன் அம்மாவைக் கீழே படுக்கச் சொன்னேன், கேட்கவில்லை. மேலே பலகையிலிருந்து சூடு இறங்குவது உச்சந்தலையில் தெரிந்தது. அவளுக்குத் தையல் ஒரு இடத்தில் கோணலாக ஓடியது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். அவள் பிரித்ததை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். எழுந்து போய்ப் பலகையை எடுத்துவிட்டேன். இதை நான் தோற்றதாக எழுதிக்கொள்ள வேண்டாம், அவள் மறுபடி விழுவதற்கு என் பலகை காரணமாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பலகையை எடுத்த பிறகும் ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. திறப்பை நான் அடைப்பதற்கு முன்பே ஒரு வாடிக்கைக்காரம்மா, திரையெல்லாம் வதக்கின வெங்காயம் மாதிரி மணக்குதுங்க என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். உன் அம்மா சமையலறையை மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள், மணம் போகவில்லை. ஒரு நூலைப் பரண் கதவின் இடுக்கில் பிடித்துப் பார்த்தேன், விர்ரென்று மேலே இழுத்தது. படிக்கட்டின் உச்சியில் பிடித்தேன், அங்கேயும் இழுத்தது. ஃபேன் வெளிக்காற்றை இழுக்கவில்லை, சமையலறையிலிருந்து படிக்கட்டு வழியாக, தையல் அறை வழியாக, வீட்டுக்குள் இருக்கிற காற்றைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பரணின் தாழ்ந்த மூலைகளில் சூடு அப்படியே தங்கியிருந்தது, கல்லூரி வெப்பமானியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்துவிட்டேன். வெளியே போக வழி வைத்தீர்கள், உள்ளே வர வழி வைக்கவில்லை. பிடித்தேன் தப்பை என்று உன் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், உனக்கு எழுத வேண்டிய வாக்கியங்கள்கூட மனதில் தயாராக இருந்தன.

படத்தில் தப்பு இல்லை. நம் பக்கத்துக் கூரை விளிம்பு நெடுகிலும், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் திறந்ததாக வரைந்து, காற்று அங்கே நுழைகிற மாதிரி அம்புக்குறி போட்டிருக்கிறாய். நீ இங்கிருந்து போனபோது அது திறந்துதான் இருந்தது. பிறகு புறா உள்ளே புகுந்து கூடு கட்டித் தொல்லை தாங்கவில்லை என்று முழுவதையும் பலகை அடித்து மூடிவிட்டேன். அது உனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை, சித்தப்பாவுக்கு என் பக்கத்துக் கூரை விளிம்பு தெரிய வாய்ப்பில்லை, உன் அம்மாவுக்கு அது ஒரு விஷயமாகத் தோன்றியிருக்காது. இந்த ஊரில் அதைச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான், அவனை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் குறுக்குச் சட்டங்களை நீ சரியான எண்ணிக்கையில் போட்டிருக்கிறாய். லாட்ஜ் பக்கத்து மூலையில் ஒரு சட்டம் மட்டும் சற்று வளைந்திருக்கும், அதையும் வளைத்தே வரைந்திருக்கிறாய். நீ போனபோது இருந்த வீடு அப்படியே உன்னிடம் இருக்கிறது. அதன் பிறகு இங்கே மாறியதுதான் உன்னிடம் இல்லை. படத்தை மூடி வைத்தேன். தயாராக வைத்திருந்த வாக்கியங்கள் எதற்கும் உதவவில்லை.

கொத்தனார் நாளைக் காலை வருகிறார். சுவரை அடைக்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, வேணாங்க சார், அம்மா பாவம் என்றார், எல்லாருமே எனக்கு எதிர்க்கட்சி. கூரை விளிம்புப் பலகைகளைக் கழற்றிவிட்டுப் புறா நுழையாத மாதிரி கம்பி வலை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். பரண் கதவின் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை நானே ஒட்டிவிட்டேன். சுவர்த் திறப்பு அப்படியே இருக்கும், உன் கணக்குப்படி அது போதுமா, ஃபேனின் வேகத்துக்கு இன்னும் அகலம் வேண்டுமா என்று பார்த்து எழுது. எனக்கு எழுது, அவருக்கு அல்ல. அவர் வீட்டுத் தும்மலை இனி ஆயுளுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், உன் அம்மா தைப்பாள் என்றால் கேட்டுக்கொள்கிறேன். அவரோடு பேச்சுவார்த்தை பற்றி என்னை யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

நீ இருக்கிற அறைக்கு மேலே என்ன இருக்கிறது, இன்னொரு குடித்தனமா, வெறும் கூரையா. கூரை என்றால் மத்தியானத்தில் அங்கே உட்கார்ந்து வேலை செய்யாதே, தண்ணீர் குடி. கண்ணாடியின் பவர் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும், கழுத்து வலிக்கு அதுதான் காரணமாக இருக்கும், போய்ப் பார். லீவு கிடைத்தால் இந்தக் கோடையிலேயே வா, வந்து பரணில் ஏறி எல்லாவற்றையும் உன் கண்ணால் பார்த்து, படத்தைத் திருத்திக்கொள். நோய் நொடி இல்லாமல் இரு, உன் வேலை உன் கைக்குள் நிற்கட்டும், உன்னோடு இருக்கிறவர்கள் உன்னைக் கேட்டு எதையும் செய்யட்டும். வருகிற ஞாயிறு போன் செய்யும்போது நான் குளித்து முடித்திருப்பேன்.

கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்து பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உன் அன்புள்ள அப்பா என்று போட்டால் கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நீ சித்தப்பாவுக்குப் போன் செய்வாய், அது தீரவில்லை. முதலெழுத்துகளோடு முழுப் பெயரைப் போட்டால் மின்சார ஆபீசுக்குக் கொடுத்த புகார் மாதிரி இருக்கும், அப்படியும் நான் எழுதவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கையெழுத்து எனக்குப் பழக்கமில்லை. யார் எழுதியது என்று சந்தேகம் வந்தால் வழக்கம்போல் சித்தப்பாவையே கேட்டுக்கொள், அந்த இடத்தைக் காலியாக விட்டு இப்படியே உறையில் போட்டுத் தபாலில் சேர்க்கிறேன்.