லயனலின் முதல் புள்ளடி

கேகாலை
28.12.1982

என் அன்பு மகள் பியசீலிக்கு,

புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளின் காவலில் நீ குவைத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு அம்மா எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே, தம்பி லயனல் எழுதவில்லையா என்று திகைக்காதே. அவன் வலது கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா செத்த மூன்றாம் மாதத் தானத்துக்கு, வழிப்போக்கர் குடிக்கட்டும் என்று வாசலில் தண்ணீர்ப் பானை வைத்தேன், நம் வீட்டில் எப்போதும் வைப்பதுதானே. நாடே ஓட்டெடுப்பு அமளியில் கிடந்தது. தேர்தல் வைக்காமல் இதே நாடாளுமன்றம் இன்னும் ஆறு வருசம் இருக்கலாமா என்று கேள்வி. சரி என்றால் சீட்டில் விளக்குப் படத்துக்குப் புள்ளடி, அந்தப் பெருக்கல் குறி, வேண்டாம் என்றால் பானைப் படத்துக்கு. வாசல் பானையை ஓட்டுப் பானை என்று நினைப்பார்கள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. தினமும் புத்தருக்கு ஏற்றுகிற விளக்குக்கு எதிராக எப்படிப் போடுவது என்று நானே விளக்குக்குப் போடுவதாகத்தான் இருந்தேன். "அம்மா, அது ஓட்டுச்சீட்டு, விகாரை இல்ல" என்று லயனல் சிரித்தான்.

விளக்குக்கு ஓட்டுக் கேட்கிற ஆட்கள் ஐந்தாறு பேர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். "என்ன ரோசலின் நோனா, வாசல்லயே பானைக்குப் பிரசாரமா?" என்றான் ஒருவன். செத்த மனுசன் பேரில் வைத்த தண்ணீர் மகனே என்று கும்பிட்டேன். உதைத்து உடைத்தான். லயனல் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தான், இரும்புக் கம்பியால் இவன் மணிக்கட்டில் போட்டார்கள். என் பானையால் வந்த வினை, பிள்ளையின் கை முறிந்து போயிற்று.

அக்டோபர் ஜனாதிபதித் தேர்தலின்போது அம்மை வந்து படுத்துவிட்டானே, அதனால் இதுதான் அவனுக்கு முதல் ஓட்டு. பழைய பத்திரிகையில் இடது கையால் புள்ளடி போட்டுப் போட்டுப் பழகினான். ஓட்டுச்சாவடிக்குப் போனால், "உங்க ஓட்டு காலையிலயே விழுந்துட்டுது தம்பி, அடுத்த ஆள் வாங்க" என்று தலை நிமிராமல் சொல்லிவிட்டார்கள். மை படாத விரலை நீட்டி நீட்டிக் காட்டினான். ஒருவரும் பார்க்கவில்லை. விளக்கு வென்றதை வானொலியில் கேட்டபின் அவன் சரியாகப் பேசுவதே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மகளே.

நீ அவனுக்குத் தனியாக நாலு வரி எழுது, ஓட்டைப் பற்றி மட்டும் கேட்காதே. வெயிலில் துணி காயப்போடும்போது தலையை மூடிக்கொள். புத்தர் உன்னைக் காப்பார்.

என் ஓட்டை யாரும் போட்டிருக்கவில்லை. பானைக்குப் போட்டேன். அவனிடம் சொல்லவில்லை, என்னால் முடிந்தது அவனால் முடியவில்லையே. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன் அம்மா,
ரோசலின்