திம்மராயன் எண்ணாத சனிக்கிழமை

ஓசூர்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்.

அன்புள்ள திம்மராயனுக்கு,

யேசுராஜ் எழுதுகிறேன். நானும் டெல்சியும் சுகம். போனில் பேசலாம் என்றால், சிக்னல் எட்டாத மாமனார் வீடாகப் பார்த்து அஞ்செட்டியில் போய் உட்கார்ந்துகொண்டாய். தொண்டை ஆபரேஷன் புண் ஆறிவிட்டதாம், மெதுவாகப் பேசலாம் என்று டாக்டர் சொல்லியும் நீ யாரிடமும் வாய் திறப்பதில்லையாம். புதன்கிழமை வந்த உன் மகள் மேகலா சொல்லி அழுதது.

அதன் கையில் நீ கொடுத்தனுப்பிய சீட்டையும் படித்தேன். இனிப் பாட முடியாது, நம் பாட்டு கிளப்பை மூடிவிடு என்று ஒரே வரி. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நன்றாக இருக்கிற மைக்கைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறேன். டிரம்ஸைத் துடைத்ததையே திரும்பத் துடைக்கிறேன். டெல்சி திட்டுகிறாள்.

கோபப்படாதே, நேற்று வேறொரு பாடகியை மேடையேற்றினேன். பெயர் சுசித்ரா, சிப்காட்டில் வேலை. முதல் ஷிப்ட் முடித்துவிட்டு வந்தது. நல்ல குரல், நம் வழக்கப்படி தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பாடும். ஹால் நிறைந்த கூட்டம். அந்தப் பெண் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணியது. நான் குச்சியைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தேன். மறுபடி எண்ணியது. அப்போதும் எனக்குக் கை இறங்கவில்லை.

முப்பது வருஷமாக நீ ஒந்து, எரடு, மூரு என்று கன்னடத்தில் எண்ணி, நாலைச் சொல்லாமல் விடுவாய். அந்த நாலில் நான் அடிப்பேன். வேறு விதமாகத் தொடங்க எனக்குத் தெரியாது என்பது ஐம்பத்திரண்டு வயதில், அத்தனை பேர் முன்னால்தான் தெரிந்தது. பெங்களூரிலிருந்து வந்தவர்கள் சிரித்தார்கள். கீபோர்டு வெங்கடப்பன் எதையோ வாசித்துச் சமாளித்தான்.

உன் மேல் எனக்குக் கோபம்தான். ஐந்தாம் வகுப்பிலிருந்து கூடவே இருக்கிறேன். சேர்ந்து ஆரம்பித்த கிளப்பை மூடச் சொல்கிறாய், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கெட்டுப்போன குரலைக் கேட்டு நான் முகம் சுளிப்பேன் என்று நினைத்தாயா? அதுதான் பொறுக்கவில்லை.

கிளப்பை மூடுவது, நடத்துவது எல்லாம் பிறகு. வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். திரும்பிப் போ என்பதாக இருந்தாலும் எழுதிக் காட்டாதே, மேகலாவை விட்டுச் சொல்லவும் வேண்டாம். கரகரத்தாலும் காற்றாக வந்தாலும் உன் வாயாலேயே சொல்லடா, கேட்டுவிட்டுப் போகிறேன்.

மாதா உன்னைக் கைவிட மாட்டாள்.

உன்,
யேசுராஜ்