பாலில் நின்ற நீலம்

9 ஜூலை 1934, திங்கள்

நான் துணிக்குப் போடும் நீலத்தைப் பாலில் கலக்கிறேன் என்று சாந்தோம் முழுக்கப் பேச்சு. தவறு. அது மெத்திலீன் நீலம், ஆய்வுக்கூடத்துச் சாயம். பாலில் கிருமி மிகுந்தால் நிறம் சீக்கிரம் மறையும்; குறைந்தால் நிற்கும். அறுபத்து மூன்று வயதில் சுகாதார வகுப்பில் சேர்ந்தது பொழுது போகாமல் என்பதும் தவறு. தேர்வு எழுதித் தேறப் போகிறேன்.

ஒவ்வொரு மாணவியும் சொந்தமாக ஒரு சோதனை அமைக்க வேண்டும். எனக்குரிய கேள்வி வாசலுக்கே வந்துவிட்டது. அநாதை விடுதிப் பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. பால்காரி கெங்கம்மாவின் பால் அசுத்தம் என்று விடுதிச் செயலாளர் துரைராஜ் தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அவளை நிறுத்திவிட்டார். இப்போது தெருவிலும் யாரும் அவளிடம் வாங்குவதில்லை.

"என் லச்சுமி மாட்ட உங்க எதிர்லயே கட்டிக் கறக்கறேன். அதுல இன்னாம்மா அசிங்கம் கீது?" என்றாள்.

நியாயமான கேள்வி.

11 ஜூலை

தோல்வி. காலையில் கறந்த கெங்கம்மா பாலையும், மத்தியானம் வாங்கிய கடைப் பாலையும் ஒப்பிட்டேன். ஆசிரியை மிஸ் சுலோச்சனாவுக்கு என் வயதில் பாதிகூட இல்லை. "பாலையும் மாத்திட்டீங்க, நேரத்தையும் மாத்திட்டீங்க. எதனாலன்னு எப்படிச் சொல்வீங்க, மிஸஸ் வேதநாயகம்? ஒரே ஒரு மாற்றம்தான் இருக்கணும்."

வகுப்பு சிரித்தது. நான் படித்த கான்வென்டில் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. அந்தப் பெண் சொன்னது சரி, அதுதான் உறுத்துகிறது.

14 ஜூலை

விடுதிச் சமையலறையில் ஒரு காலை முழுதும் உட்கார்ந்து பார்த்தேன். பாலைக் காய்ச்சி, ஆறியதும் பாலாடை நீங்கத் துணியில் வடித்து, மாலைவரை அண்டாவில் வைக்கிறார்கள்.

ஒரே மாடு, ஒரே கறவை, ஒரே நேரம். கொதிநீரில் போட்டெடுத்த மூன்று புட்டிகள். முதலாவதில் பச்சைப் பால். இரண்டாவதில் காய்ச்சிய பால். மூன்றாவதில் காய்ச்சி, விடுதித் துணியில் வடித்த பால். பின்னிரண்டுக்கும் வித்தியாசம் துணி மட்டுமே.

அந்தத் துணியைச் சோதனைக்குக் கேட்டு வாங்கி வந்தேன். வெள்ளை மல் துணி, ஓரத்தில் சிவப்பு நூலில் ரோஜாக்கள். ஈஸ்டருக்கு நான் தைத்துக் கொடுத்தது. அங்கே இருப்பவற்றில் அது ஒன்றாவது சுத்தம்.

16 ஜூலை

மூன்றாவது புட்டி ஒன்றரை மணி நேரத்தில் வெளுத்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வெள்ளை. பச்சைப் பால்கூட மதியம்வரை நீலம். காய்ச்சிய பால் மாலை ஆறு மணிக்கும் நீலம்.

என் துணியா? ஐயோ, என்ன பண்ணிட்டேன் — சமையற்காரி முனியம்மாளிடம் நான்தானே சொன்னேன், வெந்நீர்ல போடாதே, ரோஜாவுக்குச் சாயம் போயிடும்னு! மூன்று மாதமாகப் பச்சைத் தண்ணீரில் அலசி ஈரத்தோடு மாட்டியிருக்கிறாள். நான் சொன்னபடியே.

17 ஜூலை

மறுபடியும் செய்தேன். அதே.

18 ஜூலை

துணியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் கால் மணி நேரம் கொதிக்க வைத்தேன். ரோஜாக்கள் வெளுத்தன. அதில் வடித்த பால் மாலைவரை நீலம்! எழுந்து நின்று கை தட்டினேன்.

கெங்கம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "உன் துணிக்கா என் லச்சுமிய ஊரே திட்டிக்கினு கீது?"

"ஆமாம். தப்பு என்னுடையது."

வாசலில் கட்டியிருந்த மாட்டைக் காட்டினாள். "சரி வுடு. லச்சுமியாண்டயும் ஒரு தபா சொல்லிடு."

சொன்னேன். மாடு காதை ஆட்டியது.

20 ஜூலை

துரைராஜ் புட்டிகளைப் பார்த்தார். "உங்க பேரு எதுக்குக் கெடணும்? துணிய மாத்திடுவோம். மாட்டுக்காரி பேச்சை விட்டுடுங்க."

அவள் பெயரைக் கெடுத்துத்தான் என் பெயர் நிற்க வேண்டுமென்றால், அப்படிப்பட்ட பெயர் எனக்கு வேண்டாம். நாளை விடுதிக் கமிட்டி முன் செய்து காட்டுவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

21 ஜூலை

கொதிக்க வைக்காத பாதியில் பாலை வடித்துச் செய்து காட்டினேன். கடிகாரத்தைத் துரைராஜ் கையிலேயே கொடுத்தேன். புட்டி வெளுத்தபோது ஒரு மணி நேரம் முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. துணி யாருடையது என்று நானே எழுந்து சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பார்க்க வந்திருந்த மிஸ் சுலோச்சனா என் குறிப்பேட்டை இரண்டு முறை படித்தாள். "இதுல திருத்த ஒண்ணுமே இல்லீங்க."

முழு மதிப்பெண்.

23 ஜூலை

இன்று காலை விடுதி வாசலில் கெங்கம்மா கறந்தாள். துரைராஜ் வாய்வார்த்தையாக வரச் சொல்லியிருக்கிறார். பலகையில் பழைய தாள் அப்படியே இருக்கிறது. அவருக்கு எழுதிய கடிதத்தின் நகல்:

"ஐயா, கெங்கம்மாவின் பால் அசுத்தம் என்று எழுதி ஒட்டினீர்கள். அசுத்தமாயிருந்தது நான் கொடுத்த துணி. அதை என் பெயரோடு எழுதி அதே பலகையில் ஒட்டுங்கள். ஒட்டியபின் எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்."