பூஜ்யத்துக்குக் கீழே

நங்கூரம் சுற்றுப்பாதை நிலையம், பரிசோதனைக் கூடம்

2091 மார்ச் 14, 06:10. பிளேட் 38

ரத்த மாதிரி நான்கு. நான்கும் பூஜ்யம். தனிமைக்காலம் முப்பத்தெட்டாம் நாள்.

எழுதுவது தென்னவன், வயது இருபத்தேழு, இங்கே இருக்கும் ஒரே புரத ஆய்வாளர். பிறகு யாராவது படித்தால் புரியட்டும் என்று ஒருமுறை விளக்கிவிடுகிறேன். சிறுகோளிலிருந்து திரும்பிய 'நாரை' கப்பலில் ஐந்து பேர். வழியில் மண் ஆய்வாளர் கோவிந்தராசுவுக்கு ஜுரம் கண்டது. ஒன்பதாம் நாள் இறந்தார். அவர் ரத்தத்தில் பெருகிக் கிடந்த பொருளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மற்ற நால்வரும் நிலையத்தின் மறுபாதியில் அடைபட்டிருக்கிறார்கள். நான் இந்தப் பாதியில். நடுவில் ஒரு நடைக்கூடம், இரு முனையிலும் கதவு. ரத்தக் குழாய்கள் மட்டும் ஒருவழிப் பெட்டியில் என்னிடம் வரும்.

மனிதச் செல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு, வேண்டாத ஆள் வந்தால் கத்துகிற ஏற்பிப் புரதம் ஒன்று உண்டு. அதன் வெளிப்பகுதியை மட்டும் வெள்ளெலிச் செல்களில் தயாரித்து, தூளாக்கிக் குப்பியில் அனுப்புகிறார்கள். கரைத்து பிளேட்டின் குழிகளில் பூசுவேன். மேலே ரத்தநீர். அந்தப் பொருள் இருந்தால் ஏற்பி கவ்விக்கொள்ளும், கடைசியில் சாயம் மஞ்சளாகும். மஞ்சளின் அளவுதான் எண். சுத்தமான ரத்தம் ஒன்றையும் கூடவே ஓட்டி, அதன் எண்ணைக் கழிக்க வேண்டும். கோவிந்தராசு ஜுரத்தில் விழுந்த அன்று அவர் எண் ஒன்று.

அவ்வளவுதான். குரங்குக்குச் சொல்லிக்கொடுத்தால் அதுவும் செய்யும்.

மார்ச் 14, 17:30

நாரையின் கேப்டன் அற்புதம் மறுபாதியிலிருந்து அழைத்தார். குளச்சல்காரர். வேலை நேரத்தில் அழைக்காதீர்கள் என்று பத்து முறை சொல்லியாயிற்று.

"லேய் மக்கா, எங்க ரத்தத்த உறிஞ்சி உறிஞ்சி கொசு கணக்கா ஆயிட்டலே. பதினேழாம் தேதி உறுதிதான?"

உறுதி என்றேன். இறங்குகலத்தில் ஐந்து இருக்கை. ஐந்தாவது எனக்கு. பதினான்கு மாதமாக இந்த டப்பாவில் கிடக்கிறேன்.

"ஜன்னல் சீட்டு எனக்காக்கும், கேட்டியா? எம் மவ பொறந்து ஏழு மாசமாச்சு. ஸ்கிரீன்ல என்னயப் பாத்தா அழுறா."

எனக்கு இருக்கை எதுவானாலும் பரவாயில்லை. தூங்க வேண்டும்.

மார்ச் 15, 11:40

விடுவிப்புச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவள் ஃபர்ஹானா. கல்லூரியில் என் வகுப்பு. இப்போது தரை நிலையத்தில். மூலத்தரவு வேண்டுமாம். இத்தனை நாளும் இணைப்பு நேரம் வீணாகக் கூடாது என்று கழித்த எண்களை மட்டுமே அனுப்பிவந்தேன். எரிச்சலோடு மொத்தத்தையும் அனுப்பினேன். அரை மணியில் திரும்ப அழைத்தாள்.

"தென்னவா, எல்லாம் மைனஸ்ல இருக்கு. நீ பாக்கவே இல்லயா?"

பார்க்கவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே எது வந்தாலும் பூஜ்யம் என்று காட்டும்படி முதல் நாளே கணினியில் எழுதிவைத்தேன். 0.01, 0.02 என்று வந்த மைனஸ் கண்ணை உறுத்தியது. எல்லாக் கூடத்திலும் செய்வதுதான்.

"எதைடா கழிக்கிற? சுத்த ரத்தநீர் அனுப்புனோமே?"

ஆறாம் நாளே தீர்ந்துவிட்டது என்றேன். அதற்கப்புறம் என் ரத்தம்தான். அதுவும் எல்லாக் கூடத்திலும் செய்வதுதான்.

"லூசாடா நீ?"

நால்வரின் எண்ணிலிருந்து என் எண்ணைக் கழித்தால் மைனஸ் வருகிறது. அப்படியென்றால் என் எண் பெரிது.

மார்ச் 15, 15:20. பிளேட் 40

வெறும் உப்புநீரைக் கழித்து ஓட்டினேன். நால்வரும் 0.04க்குள். சுத்தம்.

நான் 0.71.

புதுக் குப்பி உடைத்து மறுபடி ஓட்டினேன். 0.70.

பழைய பிளேட்டுகளைத் திரும்பக் கணக்கிட்டதில், இருபத்தைந்தாம் நாளிலிருந்து என் எண் ஏறுகிறது. நான்கு நாளுக்கொருமுறை இரட்டிப்பு. கோவிந்தராசு உடலிலிருந்து மாதிரி எடுத்தது நான்தான். கையுறையாக இருக்கலாம். தெரியவில்லை. இனித் தெரிந்து என்ன.

மார்ச் 15, 16:05

"பாத்தேன்" என்றாள் ஃபர்ஹானா. "இன்னும் மேல சொல்லல. எட்டு மணிக்கு என் ஷிஃப்ட் முடியுது. அதுவரைக்கும் இது எங்கிட்டதான் இருக்கு."

அவள் சொல்லாமல் விட்டது புரிந்தது. விதிப்படி சோதிக்க வேண்டியது நால்வரை. என் எண்ணை யாரும் கேட்கவில்லை. கீழே ஆஸ்பத்திரி இருக்கிறது, மருந்து இருக்கலாம். அடுத்த கலம் ஆகஸ்டில். என்னிடம் இருப்பது ஏறக்குறைய பத்து நாள்.

நாலு மணி நேரம் கலத்தில் அவர்களோடு ஒரே காற்று. பிறகு தரை. பிறகு ஆம்புலன்ஸ் டிரைவர், நர்ஸ், லிஃப்டில் நிற்கிறவன்.

மார்ச் 15, 18:25

இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இங்கே வந்ததிலிருந்து இப்படி உட்கார்ந்ததில்லை.

என் எண்ணை மேலே அனுப்பு என்றேன்.

"சரி." மூக்கை உறிஞ்சும் சத்தம். "வீட்டுக்கு யாருடா சொல்றது?"

அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஒடிசாவில் எங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பார். சிக்னல் கிடைக்காது. தண்ணீர் வந்த பிறகு சொல், வேலை நடுவில் சொல்லாதே என்றேன்.

"வாய மூடுடா" என்று இணைப்பைத் துண்டித்தாள்.

மார்ச் 16, 07:15

ஜுரம் 38.4. கணக்குக்கு முன்பே வந்துவிட்டது. நால்வரும் போகலாம், நான் இருக்க வேண்டும் என்று தரையிலிருந்து உத்தரவு. அற்புதத்திடம் சொன்னேன்.

"சும்மா கெடலே. விண்வெளி உடுப்ப மாட்டிட்டு வந்து ஒரு மூலைல இரி. நாலு மணிக்கூறுதான."

கீழே போய் உடுப்பை யார் கழற்றுவது என்று கேட்டேன்.

"அதக் கீழ போயி பாப்போம்லே. நீ வரல்லன்னா நானே கதவத் தொறந்து தூக்கிட்டுப் போவேன், பாத்துக்க."

செய்வார். கோவிந்தராசுவை ஒன்பது நாள் மடியில் போட்டுக்கொண்டு கஞ்சி ஊட்டிய ஆள். நாரையிலேயே அவருக்கு ஒட்டாதது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தை இன்னொரு தடவை நம்ப முடியாது.

நடைக்கூடத்துக் காற்றை வெளியே விட்டுவிட்டேன். இப்போது அவர் பக்கத்துக் கதவை ஒன்பது டன் காற்று அழுத்திப் பிடித்திருக்கிறது. கையால் திறக்க முடியாது. காற்றைத் திரும்ப நிரப்பும் வால்வு என் பக்கம் மட்டும்தான்.

மார்ச் 17, 12:04

மூவர் ஏறிவிட்டார்கள். அற்புதம் மட்டும் கதவுப் பக்கம் வந்தார். கேமராவில் பார்த்தேன். இரண்டு காலையும் சுவரில் ஊன்றி, பிடியை இழுத்தார். பிறகு காற்றழுத்த முள்ளைப் பார்த்தார். அவருக்குப் புரிய ஒரு நொடி போதும்.

"வெவரங்கெட்ட பயலே." பிடியை விட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாலே?"

கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

ஜன்னல் சீட்டில் உட்காருங்கள் என்றேன். 12:00க்குக் கலம் பிரிந்தது.

மார்ச் 17, 16:45

ஜுரம் 39.6. எண் 1.06. கண்ணைத் திறந்தால் விளக்கு குத்துகிறது. காலையில் கோவிந்தராசு என்னை அழைப்பது போல இருந்தது. அவர் குளிர் அறையில் இருக்கிறார், எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்து போனேன். நடைக்கூடக் கதவருகே நின்றபோதுதான் உணர்ந்தேன், கை நடைக்கூடத்துக்குக் காற்று நிரப்பும் வால்வின் மேல் இருந்தது. எதற்கு அங்கே போனேன் என்று தெரியவில்லை.

ஏற்பிக் குப்பி பதினொன்று மிச்சம். ஒவ்வொன்றிலும் "ஆய்வுக்கூடத்துக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்தக் கூடாது" என்று சிவப்பில் அச்சிட்டிருக்கிறது. ரத்தத்தில் தனியாக மிதந்தால் அது அந்தப் பொருளை என் செல்களுக்கு முன்னால் கவ்வலாம். பதினொன்று போதாது. கணக்குப் போட்டுவிட்டேன். இருந்தாலும் ஏதாவது எண் கிடைக்கும். யாருக்காவது உதவும்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. பதினொரு குப்பியையும் இரண்டு மில்லி உப்புநீரில் கரைக்க. குலுக்கக் கூடாது, நுரைத்தால் புரதம் கெடும்.
2. இடது கை நரம்பில் செலுத்த. நேரம் குறிக்க.
3. ஆறு மணிக்கொருமுறை ரத்தம். எண்ணை வந்தபடியே ஃபர்ஹானாவுக்கு அனுப்ப.
4. குரல் தெளிவாக இருக்கும்போதே ஆகஸ்டில் வருகிறவர்களுக்குப் பதிவு செய்து ஓடவிட: உள்ளே வராதீர்கள். நான் உயிரோடு இருந்து, கெஞ்சினாலும்.
5. அற்புதம் அழைத்தால் எடுக்கக் கூடாது.
6. காற்று வால்வின் கைப்பிடியைக் கழற்றிக் குப்பைப் பொறி வழியே வெளியே தள்ள. இல்லை, இதை முதலில் செய்ய. இப்போதே. கை இன்னும் நான் சொல்வதைக் கேட்கிறது.