பத்து சதவீத விடியல்

ஏப்ரல் 9

மூடுபனி. எதிரே இருக்கும் விடுதியின் கூரைகூடத் தெரியவில்லை. மாலை நாலு மணிக்கு, விடுதி வாசல் பலகையில் எழுத வேண்டிய எண்ணை அனுப்பினேன். நாளை சூரிய உதயம் தெரிய வாய்ப்பு: ஐந்து சதவீதம்.

ஐந்தே நிமிடத்தில் விடுதி மேலாளர் கொங் போன் செய்தார். இதைப் பார்த்தால் பாதிப் பேர் கடைசி கேபிள் காரில் மலையிறங்கிவிடுவார்களாம்.

"எஞ்சினியரம்மா, எண்ணே வேண்டாமே. 'வாய்ப்பு உண்டு'ன்னு போட்டுடலாம். பொய் இல்லையே?"

பொய் இல்லைதான். ஐந்து என்றே எழுதச் சொன்னேன். இந்த வானிலை நிலையத்துக்கு வந்து இருபத்து மூன்று வருடம். நான் போடும் ஒரே சண்டை இது.

ஏப்ரல் 10

வாராந்திரத் தண்டனை. பயணிகளின் கருத்துப் புத்தகத்தைக் கொங் அனுப்பிவைத்தார். வானிலையைத் திட்டிய வரிகளுக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு.

"நாலரை மணிக்கு எழுப்பினார்கள். வாடகைக்கு எடுத்த குளிர்க் கோட்டில் முந்தைய ஆளின் பூண்டு வாசனை. பார்த்தது வெள்ளை."

"அலுவலகத்தில் பொய் சொல்லிவிட்டு மலையைப் பார்க்க வந்தேன். மலை வெளியே வரவில்லை."

உதயம் பார்த்தவர்கள் எல்லாரும் 'சொல்ல வார்த்தை இல்லை' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். பார்க்காதவர்கள் சுருக்கமாக எழுதுகிறார்கள். நான் பார்க்காதவர்கள் கட்சி.

ஏப்ரல் 13

நாள் முழுக்கத் தூறல். பலகைக்குப் பத்து சதவீதம் அனுப்பிவிட்டு விடுதி உணவகத்தில் கஞ்சி குடிக்கப் போனேன். என் சட்டையில் இருந்த நிலைய வில்லையைப் பார்த்து ஒரு தம்பதி என் மேசைக்கே வந்து உட்கார்ந்தார்கள். பெங்பூ ஊர்க்காரர்கள். லூ, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி நியே.

இது அவர்களுக்கு மூன்றாவது தடவை. கல்யாணமான புதிதில் வந்தார்கள், பனி. மகனைக் கல்லூரியில் சேர்த்த வருடம் வந்தார்கள், மழை. நியேவுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கு இருபத்து நாலாம் தேதி அறுவை சிகிச்சை. நாளைக்கு ஏதோ சோதனை இருக்கிறது. உதயம் தெரியும் என்றால் சோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டு இரவு தங்குவார்கள். இல்லையென்றால் இப்போதே இறங்க வேண்டும்.

"டாக்டர்கிட்ட கேட்டேன், கண்ணு பாதிக்குப் பாதிதான்னார். நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் நியே.

"பத்து."

"அப்ப டாக்டரே தேவலை."

அவரே சிரித்தார். லூ சிரிக்கவில்லை. பலகையில் போடுவதற்காகச் சொல்வதா, உண்மையிலேயே பத்துதானா என்று கேட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. உண்மையிலேயே பத்துதான் என்றேன்.

கடைசி கேபிள் காரில் இறங்கினார்கள்.

ஏப்ரல் 14

உதயம் 5.36. முழுமையாகத் தெரிந்தது. கீழே மேகக் கடல். பார்வைத் தூரம் நாற்பது கிலோமீட்டர்.

ஏப்ரல் 15

குளிர்காற்று நான் கணித்ததைவிட ஆறு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. பனி மொத்தமும் சிகரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இந்த வருடத்தில் இப்படி ஒரு காலை வரவில்லை என்கிறார்கள்.

பத்து சதவீதம் என்றால் பத்தில் ஒரு நாள் தெரியும் என்றுதான் அர்த்தம். கணக்கில் பிழையே இல்லை.

அப்புறம் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

விடுதியில் பருத்திக் கோட்டு வாடகைக்குக் கொடுக்கும் ஷி அக்கா படிக்கட்டில் மறித்தாள். "நாளைக்கு நான் துணி காயப்போடணும். தயவு பண்ணி 'மழை'ன்னு எழுதுங்க."

ஏப்ரல் 17

கருத்துப் புத்தகம் வந்தது. சிவப்புக் கோடு இல்லாத பக்கங்களை நான் படிப்பதில்லை. இன்று படித்தேன். பதின்மூன்றாம் தேதி, நடுங்கிய பெரிய எழுத்தில்:

"மூன்றாவது தடவையும் பார்க்கவில்லை. ஆனால் இந்த மலையில் முதல் தடவையாக ஒருவர் எங்களிடம் உண்மையைச் சொன்னார். நன்றி. நியே." கீழே தொலைபேசி எண்.

திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 19

நாளை இரவு மழை. அது விலகியதும் இருபத்திரண்டாம் தேதி காலை தெளியலாம். இருபத்து நாலில் அறுவை சிகிச்சை.

பயணிகளை நாங்கள் கூப்பிடும் வழக்கம் இல்லை. கூப்பிட்டு, அவர்கள் வந்து, மறுபடியும் பனி மூடினால்? நாலாவது தடவை. அதற்கு யார் பொறுப்பு — நானா, குளிர்காற்றா?

கூப்பிடவில்லை.

ஏப்ரல் 20

கூப்பிட்டேன்.

லூ எடுத்தார். யார் என்று சொன்னேன். பதினான்காம் தேதி உதயம் தெரிந்ததை நானே சொன்னேன். தெரியும் என்றார். மகன் செல்போனில் படம் காட்டினானாம், அம்மாவுக்குத் தெரியாமல்.

"இப்ப எத்தனை?" என்றார்.

"அறுபது."

பின்னாலிருந்து நியேவின் குரல். "அந்தம்மா அறுபதுன்னா அறுபதுதான். கிளம்புய்யா. இன்னும் என்ன யோசனை?"

ஏப்ரல் 22

நேற்றே வந்துவிட்டார்கள். கேபிள் காரில் இருந்து விடுதிவரை லூ நியேவின் கையைப் பிடித்து படிக்குப் படி எண்ணிக்கொண்டே கூட்டிவந்தார்.

விடிகாலை, உதயம் பார்க்கும் மேடைக்கு நானும் போனேன். கருவி மாடியில் இருந்து பார்ப்பதுதான் என் வழக்கம். மேடைப் பக்கம் போய்ப் பதினைந்து வருடமாவது இருக்கும். ஷி அக்கா ஒன்றும் கேட்காமல் மூன்று கோட்டு கொடுத்தாள். எனக்குக் கை முழுவதும் மறைந்தது. பூண்டு வாசனை உண்மைதான்.

உதய நேரம் 5.27. ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை. கூட்டத்தில் ஒருவன் வானிலை நிலையத்தைத் திட்டினான். எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான்.

5.41க்கு மேகம் விலகியது. நாலு நிமிடம். பிறகு மூடிக்கொண்டது.

"அவ்வளவுதானா?" என்றார் நியே.

லூ என்னைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"சரி. பாத்தாச்சு," என்றார் நியே.

ஆனால் இறங்கவில்லை. கூட்டம் கலைந்தபிறகும் கைப்பிடிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாறையில் ஒட்டியிருந்த பாசியைக் குனிந்து பார்த்தார். கீழே மூங்கில் கழியில் காய்கறி சுமந்து ஏறிவந்தவரை, அவர் மேடையைத் தாண்டி மறையும்வரை பார்த்தார். லூவின் முகத்தை அதைவிட அதிக நேரம் பார்த்தார். "உனக்கு மூக்குல மச்சம் இருக்குறதே எனக்கு ஞாபகம் இல்லை பாரு," என்றார். லூ மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்குத்தான் ஷி அக்காவிடம் கோட்டு திரும்பிப் போனது.

ஏப்ரல் 24

கொங் புலம்புகிறார். மே விடுமுறைக் கூட்டத்துக்கு முன்னால் பலகையை மாற்றியே ஆகவேண்டுமாம். எண்கள் இருக்கும் என்றேன்.

ஏப்ரல் 28

லூ போன் செய்தார். அறுவை சிகிச்சை முடிந்தது. நாளைக் காலை எட்டு மணிக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நியேதான் கூப்பிடச் சொன்னாராம். மருத்துவமனைக் கட்டில் ஜன்னலோரம், கிழக்குப் பக்கம். நாளைக்குப் பெங்பூவில் வெயில் வருமா?

பெங்பூ எங்கள் எல்லை இல்லை, அதற்குத் தனி நிலையம் இருக்கிறது என்றேன். பிறகு, கொஞ்சம் இருங்கள் என்று சொல்லி வரைபடத்தைத் திறந்தேன். எழுபது.

"வெயில் வரும்," என்றேன்.

எத்தனை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.