ஏழாம் பத்தியில் ஒரு திருத்தம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்
விழுப்புரத்தில் புழுக்கம். நீதிமன்றச் செய்தி இரண்டு பத்திரிகைக்கு அனுப்பினேன். மின்கட்டணம்: நாளை.

மகள் கவி திண்டிவனம் கல்லூரியிலிருந்து ஆறு மணிக்கு வந்தாள். பாடத்தில் பழைய அமெரிக்க நாவல். தப்பி ஓடும் அடிமையின் கதை. கறுப்பர்களை இழிக்கும் சொல் பக்கத்துக்குப் பக்கம். வகுப்பில் உரக்கப் படிக்கச் சொன்னபோது, அந்தச் சொல் வந்த இடமெல்லாம் நிறுத்தினாளாம். பின்வரிசையில் ஒருவன் எங்கள் சாதிப் பெயரைப் போட்டு நிரப்பினானாம். வகுப்பே சிரிப்பு.

"நீ என்ன பண்ணே?"

"நானும் சிரிச்சேன்ப்பா."

ஆகஸ்ட் 6, புதன்
தூறல். மின்கட்டணம் மறந்தேன்.

அந்த நாவலைப் பற்றிக் கவி கட்டுரை எழுதியிருக்கிறாள். வெள்ளியன்று கல்லூரிக் கருத்தரங்கில் வாசிப்பு. தமிழில். "எல்லாருக்கும் புரியணும்ப்பா. தகவல் மட்டும் சரியான்னு பாருங்க."

ஏழாம் பத்தி: 'வாடகைக்கு வீடு கேட்டபோது அப்பா எங்கள் சாதியை மாற்றிச் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகளாக நானும் வாய் திறக்கவில்லை. வகுப்பில் சிரித்தது அதனால்தான்.'

வாசல் கதவைச் சாத்திவிட்டு மறுபடி படித்தேன்.

பயம்: வீடு. பேருந்து நிறுத்தத்திலிருந்து அவள் தனியே நடந்து வரும் தெரு. இப்படிப் பேசிய பிள்ளைகளுக்கு நடந்ததை நானே எழுதிய ஒற்றைப் பத்திச் செய்திகள்.

ஆகஸ்ட் 7, வியாழன்
தண்ணீர் வரவில்லை. மோட்டார் போட வந்த வீட்டுக்காரர்:

"இன்னா சார், பாப்பா நாளைக்கு காலேஜில பேசுதாமே? மச்சினி பொண்ணு அங்கதான் படிக்குது, அது சொல்லுச்சு. கடைய சாத்திக்கினு நானும் வர்றேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"நம்ம வீட்டுப் புள்ள சார்."

அவர் வருவதை மாலையில் கவியிடம் சொன்னேன். கட்டுரையை என் முன் வைத்தாள். "அந்தப் பத்திய எடுன்னு சொல்லுங்க. எடுத்துடறேன்."

பேனாவைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன்.

ஒரு தகவல் பிழை. நான் மாற்றிச் சொல்லவில்லை. 'நீங்க நம்ம ஆளுங்கதானே?' என்று வீட்டுக்காரர்தான் கேட்டார். தலையாட்டினேன். அவ்வளவுதான். அதைத் திருத்திக் கொடுத்தேன். வேறெதையும் தொடவில்லை.

தூக்கம் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி
வெயில். ஒன்பது மணிப் பேருந்து. வீட்டுக்காரர் ஜன்னலோரத்தைக் கவிக்கு விட்டார். வறுத்த மல்லாட்டை வாங்கி, பாதிக் கடலையை என் கையில் கொட்டினார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அரங்கில் மூன்றாம் வரிசை. அவர் என் பக்கத்தில். அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க, குறிப்பெடுப்பதுபோல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாம் பத்தி. ஆறு. "சூப்பரா பேசுது சார்" என்கிறார் காதருகில்.

கவி நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

தலையாட்டினேன்.